காந்தம் காட்டப் போனேன்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. என் வேலையை யாராவது சாதாரணமாக நினைத்துவிட்டால், அந்த நினைப்பை மாற்றுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மாளுக்கு முழு வகுப்பு எடுத்துவிட்டு, அந்த ஆர்வத்தில் நிறுத்தம் தவறி இறங்கியிருக்கிறேன். இப்போது இந்த வியாதி பாதிக்கு மேல் குணமாகிவிட்டது. குணப்படுத்தியது பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மணி நேர சிகிச்சை.

எனக்குச் சொந்த ஊர் தாமல். ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். பாலிடெக்னிக் முடித்ததும் ஒரகடம் பக்கம் ஒரு சின்ன காந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். நியோடிமியம் என்று ஒரு உலோகம் இருக்கிறது. அதை இரும்போடும் துளி போரானோடும் சேர்த்து உருக்கினால், இன்றைக்கு உலகத்தில் இருப்பதிலேயே பலமான நிரந்தரக் காந்தத்துக்கு மூலப்பொருள் கிடைக்கும். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரில் இருப்பது அதுதான். நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த உலோகத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போலத்தான் நடந்துகொள்வேன்.

(என் அப்பா ஊரில் எல்லோரிடமும், "பொண்ணு ஸ்கூட்டர் கம்பெனில இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.)

அதே கம்பெனியில் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவன் சீனு. நான் பவுடரை அழுத்திக் கட்டியாக்கும் பிரிவு. நாங்கள் செய்து அனுப்பும் காந்தங்களை அளந்து, "இது தேறும், இது தேறாது" என்று சொல்வது அவன் வேலை. நான் அனுப்பியதை அவன் திருப்பி அனுப்புவான். நான் சண்டைக்குப் போவேன். அவன் வரைபடத்தைக் காட்டுவான். இப்படியே நாலு மாதம் சண்டை போட்டதில் என்ன ஆகுமோ அதுவே ஆனது.

சீனு வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பா நாகய்யா பட்டு நெய்பவர். அம்மா ருக்மணி பாதித் தறி, பாதி அடுப்பு. எங்கள் விஷயத்தை அவர்களிடம் நேரடியாகச் சொல்ல சீனுவுக்குத் தைரியம் இல்லை. அவன் யோசித்த வழி இது: "எங்க ஆபீஸ்ல கனகான்னு ஒரு பொண்ணு. அவங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கணுமாம். தறியிலேயே பார்க்கணும்னு ஆசைப்படுது. கூட்டிக்கினு வரேன்."

சித்திக்கு இருப்பது இரண்டும் பையன்கள். அதை விடுங்கள்.

போவதற்கு முந்தின நாள் சீனு எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னான். "எங்கப்பா கொஞ்சம் கிண்டல் பண்ணுவாரு. நீ சும்மா சிரிச்சுக்கினு இரு. வேலையைப் பத்தி மட்டும் ஆரம்பிக்காத."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்றைக்கு மாலையே சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மூலை உடைந்து கழித்துப்போட்ட இரண்டு காந்தக் கட்டிகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு எதற்கு என்றால், இங்கே ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. காந்தம் செய்யும் தொழிற்சாலையில் கடைசிக் கட்டம் வரைக்கும் காந்தமே இருக்காது. உருக்கிய உலோகத்தை முகப்பவுடரைவிட நைஸாக அரைப்போம். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் காற்று புகாமல் அரைப்போம். பிறகு அந்தப் பவுடரைப் பெரிய காந்தப்புலத்துக்குள் வைத்து அழுத்துவோம். அப்போது ஒவ்வொரு துகளும் ஒரே திசை பார்த்துத் திரும்பி நிற்கும், காலை பிரேயரில் பிள்ளைகள் நிற்பது போல. அதன்பின் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளை. கெட்டியானதும் அறுத்து, தேய்த்து, துருப் பிடிக்காமல் இருக்க நிக்கல் பூசுவோம். இவ்வளவும் முடிந்த பிறகும் அது ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது. பார்க்க வெள்ளி மாதிரி பளபளக்கும் வெறும் கட்டி. கடைசியில் ஒரு கம்பிச் சுருளுக்குள் வைத்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பயங்கரமான மின்சாரத்தைப் பாய்ச்சுவோம். 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு முன்னால் கல், பின்னால் காந்தம்.

நான் வாங்கியதில் ஒன்று 'டப்'புக்கு முந்தியது, இன்னொன்று பிந்தியது. இரண்டும் குளியல் சோப்பு அளவு. முதலில் ஒட்டாததைக் காட்டி, எல்லோரும் குழம்பும்போது ஒட்டுவதை எடுத்து, நடுவில் நடக்கும் அதிசயத்தை விளக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். புடவைகூட அதற்குப் பிறகுதான் கட்டினேன்.

காந்தமேறிய கட்டியை தெர்மாகோலில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்தேன். அப்படியும் டவுன் பஸ்ஸில் என் பை தானாக நகர்ந்து போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, பையைக் கம்பியோட சேர்த்துக் கட்டி வச்சிருக்கியா?"

"இல்லண்ணா, உள்ள காந்தம் இருக்குது."

அவர் டிக்கெட் கருவியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் போனவர், நான் இறங்குகிற வரை முன்னால் வரவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது.

தறி வீட்டு வாசலில் சீனு நின்றிருந்தான். என் பையைப் பார்த்தான். முகம் மாறியது.

"கனகா, அதுல என்ன?"

"பழம்."

உண்மைதான். மேலே பழமும் இருந்தது.

வீட்டின் முன்கூடம் முழுக்கத் தறிதான். தரையில் குழி தோண்டி, நெய்பவர் அதில் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழித்தறி. அரக்குச் சிவப்பில் ஒரு முகூர்த்தப் புடவை முக்கால்வாசி நெய்தபடி நின்றது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய புடவை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம். நாகய்யா தறியிலிருந்து எழுந்து வந்து, "உட்காரும்மா" என்றார். ருக்மணியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தோசை ஊத்தறேன், சாப்ட்டுட்டுப் பொறுமையா புடவை பாரு" என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார். தளர்ந்திருந்த என் கொசுவத்தில் இரண்டு நொடி அதிகமாக நின்ற பார்வை அது. சித்தி பெண் கதையை அவர் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாகய்யா ஆரம்பித்தார். "சீனு வேலை செய்யற இடத்துலதான் நீயுமா? காந்தம் பண்றீங்களாமே. இந்த ஃப்ரிட்ஜுல பொம்மை ஒட்டறாங்களே, அதுக்கா?"

சீனு என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா?

"இல்ல, காந்தம்னா என்கிட்டயும் ஒண்ணு இருக்குது" என்று அவர் தறிக்குப் பக்கத்து மாடத்திலிருந்து கறுப்பாக ஒரு வளையத்தை எடுத்தார். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அதில் ஊக்கும் ஊசியும் கொத்தாகத் தொங்கின. "கீழ விழற ஊசியெல்லாம் இதாலதான் பொறுக்கறது. சீனு ஸ்கூல் போற காலத்துலேர்ந்து இருக்குது. இன்னும் அப்படியே இழுக்குது பாரு. இதைவிடப் புதுசா என்னம்மா பண்ணிடப் போறீங்க?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பெண் "ஆமாம் அங்கிள்" என்று சொல்லியிருப்பாள். நான் சொன்னது:

"அங்கிள், அது ஃபெரைட். துருவுல செய்யறது."

நாகய்யா வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"துருவா?" என்றார் நாகய்யா.

"ஆமா அங்கிள். இரும்புத் துருவையும் வேற ஒரு பவுடரையும் கலந்து சுட்டு எடுப்பாங்க. மண்சட்டி மாதிரி. ரொம்ப மட்டமான ரகம்." (அது தண்ணீரில் கிடந்தாலும் கெடாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும், உலகத்தில் அதிகமாக விற்பது அதுதான் என்பதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.)

நாகய்யா அந்த வளையத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார், அதற்குக் காது கேட்டுவிடும் என்பது போல. சீனு கூரையைப் பார்த்தான். நான் பையைத் திறந்து, ஒத்திகைப்படி முதல் கட்டியை எடுத்தேன். தறியில் கிடந்த கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தேன். ஒட்டவில்லை. திட்டப்படி அடுத்த வசனத்துக்கு மூச்சு இழுத்தேன்.

அதற்குள் நாகய்யா வெடித்துச் சிரித்துவிட்டார். "ஏமே, இங்க வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். ருக்மணியம்மா தோசைக் கரண்டியோடு வந்தார். நாகய்யா தன் வளையத்தால் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார். பிறகு என் கட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"நல்லா கனமா இருக்குதும்மா. ஃபேன் போட்டா பில் பறக்குது. அதுமேல வைக்கலாம்."

"அங்கிள், இது இன்னும் காந்தம் ஆகல..."

"எப்ப ஆகும்? பழுக்கணுமா?"

ருக்மணியம்மாவும் சிரித்தார். சீனுவும் சிரித்தான்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் மறந்துபோயின. மரப்பெட்டியை வெளியே எடுத்தேன்.

சீனு சிரிப்பை நிறுத்தினான். "கனகா, அது... 'டப்' ஆனதா?"

"ஆமா."

"இங்க வேணாம். வாசலுக்குப் போயிடலாம்."

"ஏன், பயமா?" என்றேன். (எழுதும்போதே எனக்கு என்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது.)

பெட்டியைத் திறந்து, தெர்மாகோலைப் பிரித்து, கட்டியைக் கையில் எடுத்தேன். முதலில் நடந்தது எனக்குச் சாதகமாகவே இருந்தது. ருக்மணியம்மா குனிந்து பார்த்தார். அவர் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருந்த நாலைந்து ஊக்குகள் மெல்ல எழுந்து, என் கையைச் சுட்டிக் காட்டியபடி அந்தரத்தில் நின்றன. சங்கிலியும் அவற்றோடு எழுந்தது.

"அய்யோ, என் தாலி!" என்று இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர் சுவரோரம் போய்விட்டார்.

நாகய்யாவின் கண் விரிந்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் கண் இன்னும் கொஞ்சம் விரியட்டும் என்று, "பாருங்க அங்கிள், இதுதான் எங்க காந்தம்!" என்று மேடைப் பேச்சாளர் மாதிரி கையை ஒரு வீசு வீசினேன்.

நான் நின்றிருந்த இடம் தறிக்குப் பக்கம். நான் கணக்கில் எடுக்காமல் விட்டது தறியின் அச்சை. நீளமான சீப்பு மாதிரி இருக்கும். நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் அதன் பல் இடுக்குகளில் புகுந்து வரும்; ஒவ்வொரு முறையும் ஊடு நூலைத் தட்டி நெருக்குவது அதுதான். அந்தப் பற்கள் எஃகு.

கட்டி என் கையிலிருந்து நழுவவில்லை. பிடுங்கப்பட்டது. 'சடக்' என்று ஒரு சத்தம். பார்த்தால், புடவைக்கு நேர் மேலே, அச்சின் நடுமத்தியில் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் கீழ்விளிம்பு அரக்குச் சிவப்பு இழைகளை ஒரு கைப்பிடி அகலத்துக்கு அழுத்திக்கொண்டிருந்தது. இழை பிடுங்கும் சின்னச் சிமிட்டா தறியின் ஓரத்திலிருந்து தானாக எழும்பிப் போய் அதன்மேல் ஒட்டியது. கடைசியாக, நாகய்யாவின் கையிலிருந்த கத்தரிக்கோலும் அவரை விட்டுவிட்டுப் போனது.

அடுப்படியில் எண்ணெய் காயும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பதற்றத்தில் கட்டியைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். கட்டி வரவில்லை. அச்சு, அது பொருத்தியிருந்த மரச்சட்டம் எல்லாம் சேர்ந்து முன்னால் வந்தன. 'டிக்' என்று ஓர் இழை அறுந்தது.

அந்த 'டிக்' சத்தம் ரொம்பச் சின்னது. ஆனால் எங்கள் கம்பெனியில் கேட்கும் 'டப்'பைவிட அது என்னை அதிகமாக உலுக்கியது.

நாகய்யா என் கையைத் தட்டிவிடவில்லை. கத்தவும் இல்லை. தெலுங்கில், தாழ்ந்த குரலில், நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றேன் சீனுவிடம்.

"ஒண்ணும் இல்ல. பட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்றாரு."

நாகய்யா இன்னும் நீளமாகச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை என்னைக் கைகாட்டினார். ஒரு தடவை வாசலைக் கைகாட்டினார்.

"இப்ப?"

"அதையேதான் திரும்பச் சொல்றாரு."

"இவ்வளவு நேரமா?"

"தெலுங்குல கொஞ்சம் நீளமா வரும்."

அப்போது எனக்குச் சீனுமேல் வந்த அன்பு அதற்கு முன்னால் வந்ததில்லை. ஆனால் அன்பை வைத்துக் காந்தத்தைக் கழற்ற முடியாது.

அவன் தன் பங்குக்கு அறிவியலைக் கொண்டுவந்தான். "முந்நூத்திப் பத்து டிகிரி சூடு காட்டினா காந்த சக்தி மொத்தமா போயிடும்பா. தானா விழுந்துடும்."

"பட்டுக்குப் பக்கத்துலயா நெருப்பு வைக்கப் போற?" என்றார் ருக்மணியம்மா, சுவரோரத்திலிருந்தே. "படிச்ச ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைக் கொளுத்திடுவீங்க போலிருக்குது."

நாகய்யா குனிந்து இழைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை தமிழில்தான் பேசினார்.

"அம்மாடி. வெள்ளிக்கிழமை குடுக்கணும். பாவு அறுத்தா இந்தப் புடவை அவ்ளோதான். நீதானே இதைப் பண்ற ஆளு. இதை எப்படி எடுக்கறது, நீயே சொல்லு."

ஏழு மாதமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. காந்தம் எப்படி ஒட்டுகிறது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். எப்படிக் கழற்றுவது? பெரிய கட்டிகளைக் கழற்றுவதற்குக் கம்பெனியில் ஒரு கருவி இருந்தது. பேசாமல் கருவியிடம் கொண்டுபோய் நீட்டுவோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசித்தேன். அச்சுப் பல் ஒவ்வொன்றும் தகடு மாதிரி மெலிசு. மெலிசான இரும்பைக் காந்தம் அரைமனதாகத்தான் பிடிக்கும். அதன் சக்தி முழுவதும் உள்ளே போக இடம் போதாது. கனமான, தட்டையான இரும்பு ஒன்று மறுபக்கம் வந்தால், அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு அச்சை விட்டுவிடும். விட்டாக வேண்டும்.

"தட்டையா ஒரு இரும்பு வேணும்" என்றேன். "கனமா இருக்கணும். எவர்சில்வர் ஆகாது. பழைய இரும்பு."

"கடப்பாரை இருக்குது" என்றான் சீனு.

"என் தறிக்குள்ள கடப்பாரை வரக்கூடாது" என்றார் நாகய்யா.

ருக்மணியம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தோசைக்கல் இருந்தது. கைப்பிடி வைத்த, விரல் தடிமனில் ஒரு பழைய இரும்புக்கல். எனக்காக எண்ணெய் தடவிக் காயவைத்திருந்த அதே கல். ஈரத்துணியால் துடைத்து ஆற்றியிருந்தார். ஆவி வந்துகொண்டிருந்தது.

"இது போதுமா?"

அந்தக் கல்லைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் தாலிச் சங்கிலியிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நான் என் கொண்டையிலிருந்த ஊசிகளைக் கழற்றினேன். முடி தோளில் விழுந்தது. முதல்முறை வீட்டுக்கு வந்த பெண், மாமியாராகப் போகிறவர் முன்னால் தலைவிரி கோலமாக நின்றேன். நாகய்யா அச்சுச் சட்டத்தை இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்தார். நான் இழைகள்மேல் வழவழப்பான, தட்டையான ஒரு மரக்கட்டையை நுழைத்து, கட்டியின் அடிவிளிம்பு பட்டில் உரசாமல் அழுத்திப் பிடித்தேன். ருக்மணியம்மா நெய்பவர் உட்காரும் இடத்தில் இறங்கி உட்கார்ந்து, தோசைக்கல்லைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டார். சீனுவுக்கு எண்ணும் வேலை.

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்று வரவில்லை. அதற்குள் 'டங்' என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். கல் கட்டியைப் பிடித்ததா, கட்டி கல்லைப் பிடித்ததா தெரியாது. மரக்கட்டையின்மேல் இருந்த என் கட்டைவிரல் நசுங்கியது. ருக்மணியம்மா கல்லோடு மொத்தமாகப் பின்னால் சாய்ந்தார். கட்டி, கத்தரிக்கோல், சிமிட்டா எல்லாம் அவர் கையிலிருந்த கல்லில் இருந்தன. தறியில் ஒன்றும் இல்லை.

நாகய்யா இழைகளை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு இழை அறுந்திருந்தது. நாலைந்து பல் கோணியிருந்தது. அவர் இழைகளை முடிச்சுப்போட எடுத்துக்கொண்ட நேரம் நான் மூக்கைச் சிந்த எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு. கோணிய பல்லை நிமிர்த்தக் கையை நீட்டினார்.

"சிமிட்டா."

சிமிட்டா தோசைக்கல்லில் இருந்தது. சீனு இரண்டு கையாலும் அதையும் கத்தரிக்கோலையும் பிடுங்கிக் கொடுத்தான். நாகய்யா பல்லை நிமிர்த்தி, அச்சை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து, ஒரு வரி நெய்தார். குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில்தான் எனக்கு உயிர் வந்தது.

அடுத்த பிரச்சினை அடுப்படியில். தோசைக்கல்லில் ஒட்டிய கட்டியை என்ன செய்வது? சீனு பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தான். சுத்தியலால் தட்டலாம் என்று கொண்டுவந்தான். சுத்தியலும் ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்க ஐந்து நிமிடம்.

"நகருங்கடா" என்றார் ருக்மணியம்மா. "இங்க பட்டு இல்லையே? சீனு, என்னமோ சூடு காட்டினா விழும்னு சொன்னியே."

கல்லை அடுப்பில் வைத்தார், கட்டி நெருப்பைப் பார்த்த மாதிரி. தீயைக் கூட்டினார். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம். நிக்கல் பூச்சு மஞ்சளானது, பழுப்பானது, நீலம் பாய்ந்தது. ஒரு நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில், 'டணக்' என்று கட்டி பர்னர் மேல் விழுந்தது. உள்ளே ஒரே திசை பார்த்து நின்றிருந்த அத்தனை துகள்களும், ஸ்கூல் விட்ட பிள்ளைகள் மாதிரி தலைக்கு ஒரு பக்கம் திரும்பிவிட்டன.

ருக்மணியம்மா இடுக்கியால் அதை எடுத்துத் தண்ணீர்க் குழாயடியில் ஆறப்போட்டார். ஆறியதும் நாகய்யா கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. மடியிலிருந்த தன் வளையத்தை எடுத்துக் கத்தரிக்கோலைத் தூக்கினார். என்னைப் பார்த்தபடி அதை மெதுவாகக் கீழே வைத்து, இன்னொரு தரம் தூக்கினார்.

"துருதான்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்குத் தோசையும் சாப்பிட்டேன். கல் அவ்வளவு சூடேறியதில், பல வருஷமாக எண்ணெய் குடித்துப் பழகியிருந்த அதன் மேல்பரப்பு மொத்தமாக எரிந்து போயிருந்தது. முதல் தோசை பிய்ந்து வந்தது. இரண்டாவதைச் சுரண்டி எடுத்தார். மூன்றாவது வரவே இல்லை.

"காந்தம் விட்டுச்சு," என்றார் ருக்மணியம்மா, கரண்டியால் சுரண்டிக்கொண்டே. "இப்ப தோசை ஒட்டிக்கிச்சு."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நாகய்யா. சீனு என் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு சிரித்தான். விரல் நகம் கறுத்து, முடி விரிந்து, தோசைத் துணுக்குகளை உப்புமா மாதிரி அள்ளித் தின்றுகொண்டிருந்த நானும் சிரித்தேன். சித்தி பெண்ணின் புடவையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் போன பிறகு நாகய்யா சொன்னதைச் சீனு மறுநாள் மொழிபெயர்த்தான். "பொண்ணு கொஞ்சம் கிறுக்குதான். ஆனா எவ்வளவு அழுதாலும் அந்தக் கட்டையிலேர்ந்து கையை எடுக்கல, நசுங்கினப்பகூட. அவங்க வீட்ல வந்து பேசச் சொல்லு." (இந்த மொழிபெயர்ப்பை மட்டும் நான் தனியாகச் சரிபார்த்தேன். 'கிறுக்கு' என்பதற்கு மூலத்தில் இருந்த வார்த்தை இன்னும் பலமானது.) புடவை வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்தது. அதில் காந்தம் உட்கார்ந்த இடம் எது என்று நாகய்யா மாமாவுக்கு மட்டும் தெரியும். எனக்குக்கூடக் காட்டவில்லை.

கல்யாணம் ஆகி, இப்போது செவிலிமேட்டில் இருக்கிறோம். ஞாயிறு தவறாமல் பிள்ளையார்பாளையம் போவோம். கூடத்தில் கால் வைத்ததும் மாமா தறியிலிருந்தே, "கையைக் காட்டும்மா" என்பார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவார். யாராவது விருந்தாளி இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அவர் ஆரம்பத்திலிருந்து சொல்வார். சொல்லச் சொல்ல அந்தக் காந்தம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. போன மாதக் கணக்குப்படி அது செங்கல் அளவு இருந்தது.

இதாவது வீட்டோடு போயிருக்கும். கம்பெனியில் ஒரு வருஷம் குடும்பங்களை அழைத்துத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் மேனேஜர் காந்தமேற்றும் கருவியை விளக்கிக்கொண்டிருந்தபோது, ருக்மணி அத்தை கையைத் தூக்கி, "ஒட்டிக்கிச்சுன்னா எப்படி சார் கழட்டுவீங்க?" என்று கேட்டார். மேனேஜர் மகிழ்ந்துபோய், கழற்றும் கருவியிலிருந்த தடிமனான ஓர் இரும்புப் பலகையைக் காட்டினார். அத்தை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இதை தோசைக்கல்லுன்னு சொல்லுவோம்" என்று தொடங்கி, ஐம்பது பேர் முன்னால் முழுக் கதையையும் சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் அந்தப் பலகைக்கு அதுதான் பெயர். "தோசைக்கல்லு எங்கப்பா?", "ரெண்டாவது மெஷினுக்கு தோசைக்கல்லு வேணும்" என்று நாள் முழுக்கக் கேட்கும். இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. என் காதில் விழும்படி யாரும் சிரிப்பதில்லை, விழாதபடி சிரிப்பார்கள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்து நின்றாள்.

"மேடம், இதுக்கு ஏன் தோசைக்கல்லுன்னு பேரு?"

பக்கத்து அறையில் சீனு அளப்பதை நிறுத்தினான். சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று மெஷினில் அவசர வேலை வந்துவிட்டது.

"அது ஜப்பானியச் சொல்லும்மா," என்றேன். "தோ-சை-கல். நம்ம ஆளுங்க அப்படியே எடுத்துக்கினாங்க."

அவள் எழுத்துக்கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டாள்.